இரண்டாம் பெயர்சொல்லி குறித்து நெடுங்கோடருக்கு விடுத்த ஓலை

மங்கலம் பெருகுக. நாவலம்பாடி நாட்டை மதிலாலும் முறையாலும் காத்துவரும் வேண்மாதேவி பூங்குழை நங்கை, தம் செவிலித்தாயின் மகனும், அண்மைவரை இந்நாட்டுக் கணினிகளுக்கெல்லாம் கண்காணியுமாய் இருந்த நெடுங்கோடருக்கு விடுக்கும் ஓலை. பெறுவோரின் நாட்டை முதலில் வாழ்த்துவது எம் குல மரபு. நீர் எம் பகைவரான சேணாற்று வேந்தரின் விருந்தினர் மாளிகையில் தங்கியிருப்பதாகத் தூதுவர் உரைத்தார். எந்த நாட்டை உம் நாடென்று வாழ்த்துவது எனத் தெரியாமல் எழுத்தாணி நின்றுவிட்டது. ஆதலால் வாழ்த்தின்றியே தொடர்கிறோம்.

கணினி இருக்க ஓலை எதற்கு என்று வியக்க வேண்டா. எம் சொல் எவ்வழியே போய் எவர் கையில் விழுமோ என்று அஞ்சும் நிலைக்கு எம்மைக் கொண்டுவந்தவர் நீரே.

உம் ஓலை கிடைத்தது. உள்ளிருக்கும் பெயர்சொல்லி பழுதுபட்டால் பணியாளர் தவிக்கக்கூடாதே என்று, எல்லாக் கணினிகளிலும் இரண்டாம் பெயர்சொல்லியாக வெளிநாட்டுக் கணினி ஒன்றின் எண்ணைக் குறித்ததாகவும், அது வெறும் கைத்தவறு என்றும், பழைய அன்பை எண்ணிப் பொறுத்தருள வேண்டும் என்றும் எழுதியிருக்கிறீர். யாரிடம் சொல்கிறீர் இந்தக் கதையை?

பணிமனையார் டி.என்.எஸ். என்பதை அவையில் யாம் பெயர்சொல்லி என்கிறோம். அரண்மனை எங்கே என்று ஒரு கணினி பெயரைச் சொல்லிக் கேட்டால், அதற்குரிய எண்ணைத் தந்து வழிகாட்டுவது அது. எவரிடம் கேட்பது என்பதைக் கணினி தானாக அறியாது. நீர் ஓரிடத்தில் அமர்ந்து வகுத்துக் கொடுத்ததையே நாட்டின் கணினிகள் அனைத்தும் ஏற்கும். நீர் காட்டிய ஆளை அவை ஐயமின்றி நம்பின. யாமும் அப்படித்தான் நம்பினோம்.

எம் விருந்தில் முதல் இலை அரசுக்கு உரியது. அரசு வாய்திறக்க இயலாத வேளையில் அரசுக்காக விடைசொல்லத் தக்கவருக்கே இரண்டாம் இலை. ஆண்டாண்டாய் அதில் உண்டவர் நீர். அவ்வழக்கத்தை ஒட்டியே, இரண்டாம் பெயர்சொல்லியும் மதிலுக்குள் இருக்க வேண்டும், தக்கது இல்லையேல் அவ்விடம் வெறுமையாய்க் கிடக்க வேண்டும் என்று விதித்தோம். அவ்விதியை அவையில் வாசித்தவரும் நீர்தாம்.

எண்ணைத் தவறாகக் குறிப்பது எவர்க்கும் நேரும். ஆனால் ஃபயர்வால் எனப்படும் எம் தீமதில், உள்ளிருந்து எழும் பெயர்க்கேள்வி எதனையும் வெளியே விடாதே! உம் கைத்தவறு மெய்யாயின், கேள்வி மதிலில் முட்டி அங்கேயே நின்றிருக்கும். சேணாற்று எண்ணுக்கு மட்டும், பெயர்க்கேள்விக்கு மட்டும், அளவெடுத்தாற்போல மதிலில் ஒரு துளை இடப்பட்டிருந்தது. துளையிட எம் முத்திரை மோதிரம் வேண்டும். யாம் காய்ச்சலில் எழ இயலாது கிடந்தபோது, நாட்டைப் பார்த்துக்கொள்க என்று அதை உம் விரலில் அணிவித்தோம். அது இன்னும் உம் விரலில்தான் இருக்கிறது.

பின்னர்ப் பழுதுபார்ப்பதாகச் சொல்லி, உள்ளிருந்த பெயர்சொல்லியை நிறுத்தினீர். அன்று பாறைவாயில் கோட்டையில் எம் தங்கை அல்லியங்கோதையின் கணினி அரண்மனை எங்கே என்று கேட்டது. முதலாவது வாய்திறக்கவில்லை, இரண்டாவது, சேணாற்றார் கணினியைக் காட்டி அதுவே அரண்மனை என்றது. அங்கிருந்து, காவற்படையை ஆற்றங்கரைக்கு அனுப்பிவிட்டு வாயிலைத் திறக்குமாறு எம் பெயரால் ஆணை வந்தது. அவள் உடனே திறக்கவில்லை, நெடுங்கோடரே. ஐயுற்றுத் திரும்பக் கேட்டாள் என்று, உயிர்தப்பி வந்த கோட்டைத் தலைவர் கீரனார் அழுதுகொண்டே உரைத்தார். அவள் எழுதியது இது: “அக்கா, திறக்கச் சொன்னது நீதானே?” ஆம் என்று விடை வந்தது. திறந்தாள். இன்று அவள் சேணாற்றுச் சிறையில் இருக்கிறாள்.

அவள் உம்மை அண்ணா என்றல்லாது ஒருநாளும் அழைத்ததில்லை. எப்படியப்பா உனக்கு மனம் வந்தது? பகைவன் செய்திருந்தால் படை திரட்டிக்கொண்டு போயிருப்போம். நீ செய்ததற்கு வயிறெரிந்து உட்கார்ந்திருக்கிறோம்.

ஆதலால் இவ்வாறு ஆணையிடுகிறோம். மதிலின் துளை அடைக்கப்பட்டது. கணினிகளுக்கு உள்ளிருக்கும் பெயர்சொல்லி ஒன்றே இனி வகுக்கப்படும். இரண்டாம் இடம் வெறுமையாய் இருக்கும். விருந்தில் இரண்டாம் இலை போடப்படும், பரிமாறப்படாது. அல்லி வந்து அமரும்வரை அது அவளுடையது. பழைய மோதிரம் இனி இங்கே எந்த வாயிலையும் திறவாது. உம் பெயரைப் பெயர்சொல்லியிலிருந்து நீக்கினோம். உம் தாயார் இன்று தம் கணினியில் உம்மைக் கேட்டார். அப்படியொரு பெயர் இல்லை என்று விடை வந்தது. அவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

உமக்கு இடும் ஆணை ஒன்றே. தமக்கை சொல்லித்தான் திறந்தேன் என்றே அல்லி அச்சிறையில் இன்னும் எண்ணியிருப்பாள். அவள் கேட்ட கேள்விக்கு மெய்யான விடை இதுவரை போய்ச் சேரவில்லை. அவள் முன் போய் நின்று, உம் வாயாலேயே அவ்விடையைச் சொல்லும். புதிய முத்திரை இட்டு, எம் கையால் அதனை இங்கே எழுதுகிறோம். ஓர் எழுத்தும் மாற்ற வேண்டா.

அது நான் இல்லை, அல்லி.