பாட்டுப்பெட்டிக்குள் மூன்று வருஷம்

விஜய, ஆடி 6. செவ்வாய்.

விடாத மழை. டிக்கோயாப் பக்கம் மலையே தெரியவில்லை. தச்சுக் கொட்டகையில் மூன்று இடத்தில் ஒழுக்கு. சட்டி வைத்தாயிற்று.

பங்களாவின் கிராமபோன் பாட்டுப்பெட்டி வந்து இறங்கியது. இடுப்பு உயரம், பாட்டு வரும் குழாய் வெளியே தெரியாது, எல்லாம் மரத்துக்குள்ளே. தோட்டத்துப் பழைய துரை சீமைக்குப் போனபோது விட்டுப்போனது. ஈரத்தில் இடப்பக்கத்து மெல்லிய மர மேல்தோல் கிளம்பி நிற்கிறது. மூடிக் கீல் ஆட்டம்.

செய்ய வேண்டியது: வச்சிரப் பசை காய்ச்ச. மேல்தோல் ஒட்ட. ஸ்பிரிங்குக்குக் கிரீஸ். அரக்குப் பாலிஷ் ஆறு தடவை.

ஆனால் பழுது பார்க்க அனுப்பவில்லையாம். பங்களாச் சமையல் அப்பு சொன்னார்.

"ஆசாரி, புதுத் தொரைக்குப் பாட்டெல்லாம் வேணாமாம். உள்ள இருக்கிறத பிச்சிப் போட்டுட்டு ரெண்டு தட்டு அடிக்கணும். போத்தல் வைக்க."

"என்ன போத்தல்?"

"விஸ்கிதான், வேறென்ன."

இந்தப் பெட்டியில் எத்தனை தடவை என் கை பட்டிருக்கிறது.

ஆடி 7. புதன்.

மழை. இருமல். கஷாயம்.

பிரஜாவுரிமை விசாரணை திங்கட்கிழமை, ஹட்டனில். இரண்டாம் முறை. இதுதான் கடைசியாம். போன முறை அந்த அதிகாரி மூன்று வருஷத்தின் மேல் விரலை வைத்தார். பிரமாதி, விக்கிரம, விஷு. பன்னிரண்டு, பதினாலு வருஷத்துக்கு முந்திய அந்த மூன்று வருஷமும் நான் இந்தியாவில் இருந்தேனாம். தோட்டத்து ஆள் பதிவான செக்ரோலில் பெயர் இல்லையாம். எப்படி இருக்கும்? தேயிலைக் கொழுந்தெடுக்கிறவர்கள் பெயர் ஏறும். துண்டு வேலை ஆசாரி பெயரை யார் எழுதினார்கள்? ரயிலேறி வட்டவளைக்குக் கீழே நான் இறங்கினதே கிடையாது. இந்தியாவாம்!

பகலில் பெட்டியின் முன்துணியைக் கழற்றினேன். குழாய்ப் பலகையில் பென்சில் எழுத்து. என்னுடையது. எந்தப் பெட்டியைத் திறந்தாலும் வருஷம், மாசம், செய்த வேலை, பெயர் எழுதிவிட்டுத்தான் மூடுவேன். அடுத்துத் திறக்கிற ஆசாரிக்காக. அடியோடு மறந்துபோயிருந்தேன்.

பிரமாதி, ஐப்பசி. கால் மாற்றியது. சோலைமுத்து.
விக்கிரம, தை. கரையான். அடிப்பலகை புதிது. சோலைமுத்து.
விஷு, ஆனி. மூடிக் கீல். சோலைமுத்து.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அழுதேன், சொல்வதற்கென்ன. பெண்சாதி பாக்கியம் மலையிலிருந்து வந்ததும் வாசித்துக் காட்டினேன். கொழுந்துக் கூடையைக்கூட இறக்காமல் நின்று கேட்டாள். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள்.

"அப்ப அந்தப் பலகைய அறுத்துக் கொண்டுபோயி அந்த ஆபீஸ்காரரு மேசையில போடுங்க. தொரைதான் பிக்கச் சொல்லிட்டாருல்ல."

சரிதான். ரம்பத்தை எடுத்தேன்.

ஆடி 9. வெள்ளி.

ரம்பம் வைக்கவில்லை. முடியவில்லை. நல்ல பெட்டி. இதை அறுத்துத்தான் நான் இந்த ஊர்க்காரன் என்று காட்ட வேண்டுமா? போங்கடா.

மேல்தோல் ஒட்டியாயிற்று. ஸ்பிரிங் சுத்தம். பாலிஷ் மூன்றாம் கை. சாவி கொடுத்தால் தொண்டை கட்டாமல் பாடுகிறது.

அப்பு இரண்டு தடவை வந்தார். "தொரை கேக்குறாரு, ஆசாரி."

"வச்சிரம் காயலேன்னு சொல்லுங்க. மழையில்ல?"

திங்கட்கிழமை கொழுந்து லாரியில் பெட்டியை முழுசாக ஹட்டனுக்கு ஏற்றப்போகிறேன். டிரைவரிடம் சொல்லிவிட்டேன். பாக்கியத்திடம் சொன்னதும் பிடித்துக்கொண்டாள்.

"கிறுக்கா புடிச்சிருக்கு ஒங்களுக்கு? தொரை பொட்டிய தொரையக் கேக்காம தூக்கிட்டுப் போனா வேலைய நிப்பாட்டிப் பத்துச்சீட்டக் கிழிச்சிக் கையில குடுத்து வெரட்டிருவாரு. லயத்து வீடும் போயிரும்."

"அந்த ஆபீஸ்காரரு வெரட்டுனா நாடே போயிரும். அதுக்கு என்ன சொல்ற?"

ராத்திரி தட்டில் சோறு மட்டும் வந்தது. ரசம் இல்லை.

ஆடி 12. திங்கள்.

தூறல். நாலு பேர் பெட்டியைப் பிடித்து ஆபீஸ் படி ஏற்றினோம். பியோன் மறித்தான். "சாட்சி" என்றேன். விட்டுவிட்டான்.

முன்துணியைத் தூக்கி எழுத்தை வாசித்துக் காட்டினேன்; வருஷக் கணக்குக் காட்டக் கோயில் பஞ்சாங்கத்தையும் கொண்டுபோயிருந்தேன். அதிகாரி இங்கிலீஷில் பேச, யாழ்ப்பாணத்து மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்.

"பிரமாதி எண்டது அறுபது வருஷத்துக்கு ஒருக்கா வாற பேர்தானே. இது போன சுற்றா இருக்கலாம் எண்டு ஐயா சொல்லுறார்."

இது எனக்குத் தோன்றவே இல்லை. பலகையை மட்டும் அறுத்து வந்திருந்தால் அத்தோடு முடிந்திருக்கும்.

மூடியைத் திறந்தேன். சாவி கொடுத்தேன். உள்ளே கிடந்த இசைத்தட்டில் ஊசியை வைத்தேன். யாரோ வெள்ளைக்காரி உரக்கப் பாடினாள். பக்கத்து அறைக் கிளாக்கர்மார் எல்லாம் வாசலில்.

"போன சுத்துப் பிரமாதியில ஒலகத்துல இந்தப் பொட்டி இருந்துச்சாங்க? ஐயாவைக் கேட்டுச் சொல்லுங்க."

மொழிபெயர்ப்பாளருக்குச் சிரிப்பு. அடக்கிக்கொண்டு சொன்னார். அதிகாரி எழுந்து வந்து, குனிந்து, பலகையைப் பார்த்தார். நீதான் எழுதினாய் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார். காதிலிருந்த பென்சிலை எடுத்து அதே பலகையில் கீழே எழுதினேன்.

விஜய, ஆடி 12. மேல்தோல், பாலிஷ். சோலைமுத்து.

அதே கோணல் 'சோ'. விரலை மேலும் கீழும் வைத்து நாலையும் பார்த்தார். பிறகு ஒரு காகிதம் எழுதி, பலகையில் ஒட்டி, முத்திரை குத்தினார். காகிதத்தின்படி, தீர்ப்பு வரும்வரை பெட்டி என் பொறுப்பில் இருக்க வேண்டும், யாரும் கை வைக்கக் கூடாது.

திரும்பும்போது லாரியில் பெட்டியைப் பிடித்துக்கொண்டே வந்தேன். பசியில் உயிர் போனது.

ஆடி 13. செவ்வாய்.

மழை விட்டது. சட்டிகளைக் கவிழ்த்தேன். பாலிஷ் ஐந்தாம் கை.

பத்து மணிக்குத் துரையே கொட்டகைக்கு வந்தார். பின்னால் அப்பு. பாக்கியம் வேலைக்குப் போகாமல் கதவோரம் நின்றிருந்தாள்.

"ஆசாரி! தட்டு எங்கே?"

முன்துணியைத் தூக்கிக் காட்டினேன். குனிந்து முத்திரைக் காகிதத்தை வாசித்தார். காது சிவந்தது.

"நீங்களே அறுக்கிறதுன்னா அறுங்க, தொரை. ரம்பம் இந்தா இருக்கு."

ரம்பத்தைப் பார்த்தார். முத்திரையைப் பார்த்தார். இது எப்போது முடியும் என்று கேட்டார்.

"தெரியாதுங்க. அதுவரைக்கும் நானும் பொட்டியும் ரெண்டு பேரும் இங்கதான் இருப்போம்."