இளவரசி ஒருத்தியே என்று வேங்கைக்கோட்டு மன்னருக்குத் தெரிவிக்கும் ஓலை

நலம் பெருகுக, மழை காலத்தில் பெய்க, யானைகள் மதம் கொள்ளாதிருக்க.

மூன்று மலைகளுக்கும் அவற்றிலிருந்து இறங்கும் அருவிகளுக்கும் உரியவரும், எம் மன்னரின் இளமைத் தோழருமான வேங்கைக்கோட்டு வேந்தர் அடலேறு மாவலியார் திருமுன்பு, குயிலாற்று நாட்டு மன்னர் வெண்குடை அறவாழியாரின் திருவாய்மொழிப்படி அமைச்சர் பொறையனார் வணங்கி விடுக்கும் ஓலை.

தாங்கள் மனமுவந்து மாப்பிள்ளைகளாக அனுப்பிய மைந்தர்கள் மூவரும் நலமாக வந்து சேர்ந்தார்கள். மூன்று திருமாங்கல்யங்களும் வந்தன. ஆனால், பெருமைக்குரிய வேந்தே, எம் மன்னருக்கு மகள் ஒருத்திதான்.

பிழை எங்கே நேர்ந்தது என்பதைத் தாங்கள் அறிய வேண்டும். மணமாகாத பெண்ணின் பெயரை ஓவியச் சீலையில் எழுதினால் கண் பட்டுவிடும் என்பது குயிலாற்று நாட்டு வழக்கம். ஆகவே இளவரசி நன்முல்லையின் ஓவியங்களைக் காலந்தோறும் தங்களுக்கு அனுப்பியபோது, ‘எம் மகள்’ என்று மட்டுமே எழுதி அனுப்பினோம். மூன்றையும் வரைந்தவர் அரண்மனை ஓவியர் மருதவாணர் ஒருவரே. அவர் கைதான் ஒன்றாக இருக்கவில்லை.

முதல் ஓவியத்தை வரைந்தபோது அவர் இளைஞர். எதையாவது விட்டுவிட்டால் யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் மயிரிழை ஒவ்வொன்றையும் வரைந்தார். இளவரசியின் கன்னத்தில் வந்து உட்கார்ந்த கொசுவையும் வரைந்தார். அதைத் தங்கள் பட்டத்தரசியார் விசிறியால் ஓட்டிப் பார்த்ததாகத் தங்கள் தூதரே சொல்லியிருக்கிறார். பிறகு மருதவாணர் தெற்கே குகை ஓவியங்களைப் பார்க்கப் போனார். திரும்பி வந்து வரைந்த இரண்டாம் ஓவியத்தில் கண்கள் காதுவரை நீண்டுவிட்டன. தோட்டுக்கு இடமில்லாமல் அதைத் தோளில் தொங்கவிட்டார். அதன்பின் சில ஆண்டுகள் யாரிடமும் அதிகம் பேசாமல் ஆற்றங்கரையில் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் ஓவியம் ஒரே ஒரு கோடு. நெற்றியில் தொடங்கி, மூக்கில் இறங்கி, உதட்டில் சற்றுத் தயங்கி, மோவாயில் முடிந்துவிட்டது. “மீதி எங்கே?” என்று மன்னர் கேட்டார். “அவ்வளவுதான், அரசே” என்றார் மருதவாணர். வரைவதைப் பாதியில் விட்டுச் சாப்பாட்டுக்கு எழுந்து போனவர் திரும்பி வந்து முடிக்கவில்லை என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

ஆகவே தாங்கள் அவற்றை மூன்று பெண்கள் என்று எண்ணியதில் வியப்பில்லை. ஆனால் தங்கள் மூத்த மைந்தர் கதிர்வேள், மற்ற இருவரையும் நாங்கள் ஒளித்துவைத்திருப்பதாகச் சொல்லி வாளில் கை வைத்துவிட்டார். எம் அரசியார், “பெற்றவள் நான். எத்தனை பெற்றேன் என்று எனக்குத் தெரியாதா, தம்பி?” என்று கேட்டும் அவர் கையை எடுக்கவில்லை.

போர் வந்துவிடுமோ என்று அஞ்சிய மன்னர் மருதவாணரை அழைத்து, எல்லோர் முன்னிலையிலும் இளவரசியைப் பழைய முறையிலேயே வரைந்து, ஒருத்திதான் என்று மெய்ப்பிக்கும்படி ஆணையிட்டார். முடியாவிட்டால் தூரிகையைக் கொடுத்துவிட்டு, ஆயுள் முழுதும் கோட்டைச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கட்டும் என்றார்.

மருதவாணர் உட்கார்ந்தார். புருவத்தை இழை இழையாக வரைந்தார். புருவம் சரியாகவே வந்தது, நன்முல்லைதான் வரவில்லை. துடைத்துவிட்டு மறுபடி தொடங்கினார். அப்போதும் வரவில்லை. அந்தப் பழைய கை வேறொருவனுடையது போல எங்கோ போய்விட்டிருந்தது. முதல் ஓவியத்தில் இளவரசியை வரைந்ததைவிடத் தம் பயத்தையே அதிகம் வரைந்தார் என்றும், அடுத்ததில் குகையை வரைந்தார் என்றும், இப்போது கண்ணை மூடினால் எது எஞ்சுகிறதோ அதை மட்டுமே வரைய முடிகிறது என்றும் பின்னர் என்னிடம் சொன்னார். சபையில் தூரிகையை மட்டும் கழுவிக்கொண்டிருந்தார். மன்னர் கனைத்தார். சுண்ணாம்பு வாளியுடன் கொத்தனார் வாசலில் வந்து நின்றார். மருதவாணர் அந்த வாளியை ஒருமுறை பார்த்தார். பிறகு தூரிகையைத் தோய்த்து, மீண்டும் ஒரே ஒரு கோடு போட்டார்.

மடைப்பள்ளித் தலைவர் அது மாங்காய் என்றார். படைத்தலைவர் குனிந்து பார்த்து, “நம் வடக்கு எல்லைதான். ஓர் ஊரை விட்டுவிட்டார்” என்றார்.

அப்போது தங்கள் இளைய மைந்தர் இளவேள் அருகே வந்தார். கோட்டைப் பார்த்தார், இளவரசியைப் பார்த்தார், மறுபடி கோட்டில் உதடு இருந்த இடத்தில் விரலை வைத்தார்.

“இவங்க சிரிப்பை அடக்கிட்டு இருக்காங்க” என்றார்.

பிறகு தாம் வந்த வண்டியில் ஏற்றி வந்திருந்த பழைய ஓவியங்களைக் கொண்டுவரச் சொன்னார். “பாருங்க அண்ணா, இதிலயும் அடக்கறாங்க. கண்ணு காதுக்குப் போயிடுச்சே, அதுலயும் அடக்கறாங்க. ஒரே பொண்ணுதான்!”

இளவரசியால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. சபை அதிரச் சிரித்தார். “அந்தக் கொசு கடிச்சுது, ஐயா! விரட்டப் போனா, ‘கொஞ்சம் இரும்மா, அதோட காலை மட்டும் வரைஞ்சுடறேன்’னாரே இவர்!” என்று மருதவாணரைக் காட்டினார். மருதவாணரும் சிரித்தார். அவர் பல்லை நாங்கள் பார்த்தது அன்றுதான்.

கதிர்வேள் வாளிலிருந்து கையை எடுத்தார். கொத்தனார் வாளியைத் தூக்கிக்கொண்டு போனார்.

ஆகவே வேந்தே, இளவேளுக்கும் நன்முல்லைக்கும் வரும் தை மாத முழுநிலவில் திருமணம் நிச்சயிக்கப்பட்டது. மணமக்கள் இருவரும் சம்மதித்துவிட்டார்கள். தாங்கள் சுற்றத்தோடு எழுந்தருள வேண்டும். மற்ற இரு மைந்தர்களையும் தந்தையின் சொல்லால் திரும்ப அழைத்துக்கொள்ள வேண்டுகிறோம். கதிர்வேள் கொசு இருந்த பெண்ணைத் தவிர வேறு யாரையும் மணப்பதில்லை என்கிறார். நடுவிலவரான நெடுவேள், காதுவரை கண்ணுள்ள பெண்ணை இன்னமும் தூண்களுக்குப் பின்னால் தேடிக்கொண்டிருக்கிறார்.

மருதவாணர் தூரிகையோடு தம் இடத்திலேயே இருக்க வேண்டும் என்றும், தம் விருப்பப்படியே வரைய வேண்டும் என்றும் மன்னர் ஆணையிட்டுள்ளார். மகிழ்ச்சி மிகுதியால் அரச இலச்சினையைப் புதிதாக வரையும் பணியையும் அவரிடமே ஒப்படைத்துவிட்டார்.

ஆகையால் கீழே பொறித்திருப்பதைத் தங்கள் சபையார் கீறல் என்று எண்ணி ஓலையைத் திருப்பி அனுப்பிவிட வேண்டாம். அது புலி. எம் மந்திராலோசனைச் சபை பகல் முழுதும் பார்த்து அவ்வாறே தீர்மானித்திருக்கிறது.

இது வெண்குடை அறவாழியார் ஆணை. இப்படிக்கு, அமைச்சர் பொறையனார்.