நெஞ்சு நோவு என்று சொன்னால்

ஆகஸ்ட் 9, சென்னை
இன்றும் எலிகள். மயக்கம் கொடுத்து, இதயத் தமனியில் முடிச்சுப் போடுமுன் கொஞ்சம் மார்ஃபின், வலி மருந்துதான். அது இதயச் செல்களின் ஓபியாய்டு ஏற்பிகளைத் தூண்டும். ரத்தம் நின்றாலும், முடிச்சை அவிழ்த்ததும் திரும்பப் பாய்ந்தாலும், தசை குறைவாகவே சாகும். எலிகளில் அப்படி. மனிதர்களில் இன்னும் உறுதியில்லை.

ஆகஸ்ட் 12
அம்மாவுக்கு மாரடைப்பு. கரும்புக் கொல்லையில், காய்ந்த சோகை உரிக்கும்போது. பஸ்ஸில் எழுதுகிறேன். எழுத்து ஆடுகிறது.

ஆகஸ்ட் 13, கள்ளக்குறிச்சி
நேற்று காலையில் கொண்டுவந்தவளுக்கு மாலையில்தான் ஈசிஜி. அதுவரை குளுக்கோஸ். வலிக்கு ஓர் ஊசிகூட இல்லை. டாக்டர் என்னைப் பார்க்காமலே சொன்னார்: "உங்கம்மா குடிச்சிருந்தாங்க. சாராயக் கேஸ்னு பார்த்தோம்."

என் அம்மா காசியம்மாள். டானிக்கைக்கூட மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்கிறவள். கூலிக்காரி, கச்சிராயபாளையம் — போதும், குடிகாரி.

எலிக்குக் கொடுத்தேனே. எங்கம்மாவுக்கு இல்ல. இன்னாத்துக்குப் படிச்சேன் நான்?

ஆகஸ்ட் 14
புகார் எழுதி அம்மாவிடம் வாசித்தேன். அபாண்டம் என்ற சொல் இரண்டு இடத்தில். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நாந்தான் சொன்னேன், குடிச்சேன்னு."

ஏன்மா?

"விஷச் சாராயம் குடிச்சவங்கள அப்போ இங்க எப்டி தூக்கிக்கினு ஓடுனாங்க? நெஞ்சு நோவுன்னா குந்துன்னுவாங்க. பக்கத்து வூட்டு ரங்கம்மாவோட வூட்டுக்காரரு குந்திக்கினேதான் செத்தாரு."

ஆகஸ்ட் 15
வார்டில் மிட்டாய் கொடுத்தார்கள். வாங்கவில்லை.

ஆகஸ்ட் 16
சொன்னதை நம்பினோம் என்கிறார் டாக்டர். முகர்ந்து பார்க்க மூக்கு இல்லையா? அவள் நெஞ்சில் வைத்திருந்த கை தெரியவில்லையா?

பக்கத்து வீட்டு ரங்கம்மாள் பார்க்க வந்தாள். "இன்னாக்கா, எந்தக் கடச் சரக்கு?" என்றாள். அம்மா சிரித்தாள். சிரிக்கவே மூச்சு வாங்கியது. இதயத்தின் ஒரு பக்கம் சரியாக அசையவில்லை என்று எக்கோவில் வந்திருக்கிறது. இனிக் கொல்லை வேலை கிடையாது.

புகாரில் அபாண்டத்தை அடித்தேன். மற்றதெல்லாம் அப்படியே. கொடுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 30
வீடு திரும்பிப் பத்து நாள்கூட ஆகவில்லை. காலையில் மறுபடி வலி. அதே ஆஸ்பத்திரி, அதே வாசல். என்ன செய்கிறது என்று நர்ஸ் கேட்டாள். அம்மா என்னைப் பார்த்தாள். உள்ளதைச் சொல் என்று நான் தலையசைத்தேன்.

"நெஞ்சு நோவுங்க."

"குந்துங்க. கூப்புடுவாங்க."

அம்மா பெஞ்சில் குந்தினாள். நான் ஈசிஜி அறைக்குள் போய், அந்த மெஷினை வண்டியோடு தள்ளிக்கொண்டு வந்தேன். சக்கரம் கிரீச்சிட்டது. வராந்தாவே திரும்பிப் பார்த்தது. அம்மாவின் பெஞ்சருகே நிறுத்தினேன்.

கொஞ்ச நேரம் கழித்து நர்ஸ் வந்து, அம்மாவுக்கு மாட்ட ஒயர்களைப் பிரித்தாள்.