இறக்கைக்கு அடியில் என் தையல்

காரைக்கால்
12 நவம்பர் 1957

அன்பு மகன் ழான்-போலுக்கு அம்மா எழுதுவது. சேசுநாதர் தயவில் வீட்டில் மூவரும் சுகம், பிரான்சு தேசத்து துலூஸ் குளிரில் உனக்கும் ஒரு குறையும் வரக்கூடாதென்று தினமும் ஜெபமாலையில் சேர்த்துக்கொள்கிறேன். அப்பாவுக்கு இருமல் குறைந்துவிட்டது, சுருட்டு குறையவில்லை. இங்கே ஆறு நாளாக அடைமழை, குரும்பகரம் பக்கம் நட்ட வயலெல்லாம் தண்ணீருக்குள் கிடக்கிறது. விமானப் பட்டறையில் ஜனவரி முதல் நீயே சோதித்து நீயே கையெழுத்துப் போடுவாய் என்று எழுதியிருந்தாய், அப்பா அதைத் தெரு முழுக்கச் சொல்லியாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை உன் தங்கை சுசான் முதல் தடவையாக எஞ்சின் இல்லாத அந்தக் கிளைடர் விமானத்தில் ஏறுவதாக இருந்தது. பூசை முடிந்து நேரே கிளைடர் கிளப் கொட்டகைக்குப் போனோம், மழை விடவில்லை. கிளைடரை மேலே இழுத்துவிடும் இயந்திரத்தை ஓட்டுகிற அலாவுதீன் மரைக்காயர், வந்ததுதான் வந்தோம் பழுது பார்க்கிற வேலையையாவது முடிப்போம் என்றார். ஆளுக்கொரு வேலை எடுத்துக்கொண்டார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இறக்கையின் அடித்துணியைப் பிரித்து உள்ளே மரச்சட்டங்களின் பசை ஒட்டு விட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டுமென்பது நீ எழுதி ஒட்டிய விதி, அது இன்னும் சுவரில் இருக்கிறது. துணி வேலை என்பதால் நான் கத்தரிக்கோலோடு அடியில் போய்ப் படுத்தேன். தையல் நீல நூலில் இருந்தது. போன வருஷம் நவம்பரில் வெள்ளை நூல் தீர்ந்துபோய் நான் நீல நூலில் தைத்தேன், முடிச்சும் கன்னியர் மடத்தில் நான் கற்ற முடிச்சேதான். மே மாதம் நான் புதுச்சேரியில் இருந்ததால் நீ பிரித்துப் பார்த்து நீயே தைத்துக்கொண்டாய் என்று அதுவரை நினைத்திருந்தேன். பதிவேட்டை எடுத்தேன், மே மாதத்துக்கு எதிரே ‘பிரித்துப் பார்த்தேன், ஒட்டு உறுதி’ என்று எழுதி நீ கையெழுத்துப் போட்டிருக்கிறாய். நான் பிரித்தபோது இரண்டு இடத்தில் ஒட்டு விட்டிருந்தது, அந்த இடுக்கில் என் நகம் நுழைந்தது. மே மாதத்துக்குப் பிறகு அது நாற்பது தடவைக்கு மேல் பறந்திருக்கிறது. 

மரைக்காயரும் பார்த்துவிட்டார். தங்கச்சி, புள்ள ஊருக்குப் போற அவசரத்துல போட்டிருப்பான், நம்மளோட இருக்கட்டும், ஒட்டிருவோம் என்றார். நல்ல மனுஷர், உன் பேருக்காகச் சொன்னார். நான் உன் கையெழுத்துக்குக் கீழேயே, மே மாதம் பிரிக்கப்படவில்லை என்று எழுதி என் பெயரைப் போட்டேன். ஒட்டு சரியாகும் வரை கிளைடர் கொட்டகையை விட்டு வெளியே வராது. சுசானிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. இந்தப் பாழாப்போன மழை அன்னைக்குத்தான் வரணுமா என்று இன்னும் முணுமுணுத்துக்கொண்டிருக்கிறாள். நீயே அவளுக்கு எழுது.

காலில் கம்பளி மேசோடு போட்டுக்கொண்டு வேலைக்குப் போ, வெறும் வயிற்றில் காப்பி குடிக்காதே. மாதா உன்னைக் கைவிடமாட்டாள். வெட்டிய முடிச்சை இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன், பேனா வைக்கும் பையிலேயே போட்டுக்கொள். சுசானை மழை காப்பாற்றியது, நீ கையெழுத்துப் போடுகிற நாளெல்லாம் அங்கே மழை பெய்யாது.

உன்னை ஆசீர்வதிக்கும் அம்மா
ஆர்லெத்