தாண்டவராயனின் முழங்கால்

6-1-58

மூன்று பெட்டிகளையும் திறந்து பார்த்தேன். குளிரில் ஈக்கள் அடங்கிக் கிடக்கின்றன. இரண்டாம் பெட்டியின் புது ராணி நன்றாக முட்டை வைக்கிறாள். உத்திரமேரூர் மருந்துக் கடை இனாயத்துல்லா பாய் இன்னும் நாலு பாட்டில் தேன் கேட்டிருக்கிறார். மார்கழி இருமலுக்கு நல்ல விற்பனையாம்.

சாயங்காலம் வேதகிரி வந்தான். பண்ணையார் தாண்டவராயன் வீட்டுக் காரியக்காரன். கறவை மாடு செத்துவிட்டதாம், என் தம்பி தானியேல் வந்து இழுத்துப் போட வேண்டுமாம். தானியேல் கூழ் குடித்துக்கொண்டிருந்தான். எழுந்திருக்கக்கூட இல்லை. "நா வர்ல. உங்க மாடுதான, நீங்களே பொதைச்சிக்கங்க" என்றான். வேதகிரி திரும்பிப் போனான். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் ராத்திரி கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் படுத்தேன்.

7-1-58



தானியேலைக் களத்துமேட்டில் வண்டிச் சக்கரத்தோடு கட்டி அடித்தார்கள். ஈரக் கயிறு. அடித்தவன் வேதகிரி. தாண்டவராயன் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தான். ஆறு வருஷமாக அவனுக்கு வலது முழங்கால் மடங்காது, ஊன்றவும் முடியாது. இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்து உட்கார வைத்தார்கள். அடியைத் தானியேலே எண்ண வேண்டும் என்றான். எண்ணிக்கை தப்பினால் மறுபடி ஒன்றிலிருந்து. இரண்டு தடவை தப்பியது.

நான் எங்கே இருந்தேன்? அங்கேதான். என்னை யாரும் பிடித்துக்கொள்ளக்கூட இல்லை. சும்மா நின்னுக்கினு இருந்தேன். நின்னுக்கினே இருந்தேனே, பாவி.

9-1-58

முதுகில் தோல் என்று சொல்ல ஒன்றும் இல்லை. வெந்நீர் ஆற வைத்துக் கழுவி, தேனைத் தடவி, வேட்டித் துணியைக் கிழித்துப் போட்டேன். தொட்டவுடன் கத்தினான், பிறகு எரிச்சல் அடங்கியது. தேனுக்கு எறும்பு வரும் என்று கட்டில் கால்கள் நான்கையும் தண்ணீர் ஊற்றிய தகர டப்பாக்களில் வைத்தேன். பாய்க்குப் போக வேண்டிய நாலு பாட்டிலும் இவன் முதுகுக்கே போகட்டும்.

போலீசுக்குப் போகலாம் என்றேன். "போயி? இன்ஸ்பெக்டரு அவன் வூட்லதான் நாஷ்டா துன்றான்" என்றான் தம்பி. குப்புறப் படுத்துக்கொண்டே சிரித்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

13-1-58

சீழ் இல்லை. ஓரங்களில் புதுத் தோல் தெரிகிறது. வெறி மட்டும் எனக்கு ஆறவில்லை. ராத்திரியும் பகலும் தாண்டவராயனை மனசுக்குள் கொன்றுகொண்டே இருக்கிறேன்.

16-1-58

வேதகிரி மறுபடி வந்தான். அருவாளைத் தேடினேன். என் பெண்சாதி ஞானசுந்தரி அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள், நல்லவேளை.

அடிக்க வரவில்லை, கூப்பிட வந்திருக்கிறான். பெட்டித் தேனீயைக் கொட்ட விட்டால் முட்டிவாதம் போகும் என்று பாய் சொல்லியிருக்கிறார். வாலாஜாபாத்தில் ஒருவர் எழுந்து நடந்தாராம். "ஆண்டை உன்ன வரச் சொல்றாரு. செவ்வா, வெள்ளி. விடியறதுக்கு மின்ன கொல்லப் பக்கமா வரணும். ஒருத்தர் கண்ணுலயும் படக்கூடாது" என்றான்.

முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் உறைத்தது. அவனுக்கு வலிக்க வைக்க அவனே என்னைக் கூப்பிடுகிறான்! வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. இங்கே மட்டும் எழுதுகிறேன். பெட்டி வளர்க்கக் கற்றுக்கொடுத்த மிஷன் வாத்தியார் ஒரு முறை சொன்னார். ஆயிரத்தில் ஒருத்தனுக்குத் தேனீ விஷம் ஒத்துக்கொள்ளாதாம். தொண்டை வீங்கி, மூச்சடைத்து, கால் மணி நேரத்தில் போய்விடுவானாம். தாண்டவராயன் அந்த ஒருத்தனாக இருக்கக் கூடாதா? யார் என்னைக் கொலைகாரன் என்பார்கள்?

17-1-58

மாட்டுக் கொட்டகையில்தான் வைத்தியம். வீட்டுக்குள் நான் போகக் கூடாது. அவன் உடம்பில் என் கை படவும் கூடாது. சாமணத்தால் ஈயைப் பிடித்து, எட்ட நின்று, முழங்காலில் வைக்க வேண்டும். கொட்டிய முள்ளை வேதகிரி கத்தி முனையால் சுரண்டி எடுப்பான்.

"உன் பெட்டி சேரியிலதான இருக்குது, ஈ மட்டும் ஆவுமா?" என்று கேட்டான் வேதகிரி. "ஈக்கு இன்னாடா தீட்டு? நாலு வூட்டுப் பூவுல உக்கார்து" என்றான் தாண்டவராயன். என் சேரி ஈ அவன் ரத்தத்தில் விஷத்தை இறக்கலாம். என் விரல் மட்டும் ஆகாது.

இரண்டு கொட்டு. "அம்மாடி!" என்று அலறினான். அவன் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அரை மணி நேரம். ஒன்றும் ஆகவில்லை.

24-1-58

ஆறு. வாயில் துண்டைத் திணித்துக்கொண்டான். முழங்கால் பூசணிக்காயாக வீங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து இரண்டு ஆள் கூழ் குடித்தேன்.

4-2-58

பன்னிரண்டு. ஒன்றுக்கு விட்டுவிட்டான், வேட்டியிலேயே.

தம்பியிடம் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. "உனுக்கு நல்லா கீதா அண்ணா?" என்று மட்டும் கேட்டான். இருக்கிறதே, அதற்கு என்ன இப்போது? கொட்டிய ஈ ஒவ்வொன்றும் குடல் பிதுங்கிச் சாகிறது, அது ஒன்றுதான் குறை.

14-2-58

இருபது. நரம்பு ஓடும் இடமாகப் பார்த்து வைத்தேன். மண்டையை மாட்டுத் தொட்டியில் முட்டிக்கொண்டு அழுதான். தொண்டை வீங்குகிற வழியாகத் தெரியவில்லை. கல் மாதிரி உடம்பு.

ஞானசுந்தரி இன்று பக்கத்தில் படுக்கவில்லை. "செவ்வா வெள்ளி ஆனா உன் மூஞ்சி கல்யாண மாப்ள கணக்கா ஆயிடுது. எனக்கு பயமா கீது" என்றாள். கோபத்தில் பானையை எட்டி உதைத்தேன். உடைந்துவிட்டது. பிறகு வெட்கமாக இருந்தது.

28-2-58

எழுதவே கை வரவில்லை.

இன்று கொட்டகைக்குப் போனபோது நாற்காலி காலியாக இருந்தது. தாண்டவராயன் நின்றுகொண்டிருந்தான். தடி இல்லை, ஆள் இல்லை. என் எதிரே முழங்காலை மடக்கி நீட்டிக் காட்டினான். "பாத்தியாடா ஐசக்கு? ஆறு வர்சமா டாக்டர்னும் வைத்தியர்னும் அலைஞ்சேன். உன் ஈ நிக்க வெச்சிடிச்சி." கொட்டகையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தான். சிரித்தான்.

நான் எத்தனை முட்டாள்! அவன் கத்தினதை மட்டும் பார்த்தேன். உள்ளே கால் தேறிக்கொண்டு வந்ததை நான் பார்க்கவே இல்லையே.

4-3-58

இனி வரவில்லை, பெட்டிகள் இளைத்துவிட்டன என்று வேதகிரியிடம் சொன்னேன். உண்மையும் அதுதான், இரண்டாம் பெட்டியில் பாதி ஈ இல்லை. "ஆண்டை போதும்ன்ற வரைக்கும் வரணும். இல்லாங்காட்டி பெட்டி மூணும் அடுப்புக்குப் பூடும்" என்றான்.

கடைக்குப் போனால் பாய் என் கையைப் பிடித்துக்கொண்டார். "மாஷா அல்லா! பெரிய வைத்தியன் ஆயிட்டியே!" அவர்மேல் என்ன தப்பு? அவருக்கு எதுவும் தெரியாது. "வுடு பாய், பேஜார் பண்ணாத" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

11-3-58

தாண்டவராயன் வீட்டில் எருமை செத்தது. வேதகிரி வந்து கூப்பிட்டான். தானியேல் வரமாட்டேன் என்றான். மறுபடியும்!

இந்தத் தடவை ஆள் அனுப்பவில்லை. தாண்டவராயனே வந்தான். வரப்பு ஏறி, வாய்க்கால் தாண்டி, நடந்தே சேரிக்கு வந்தான். தெருவில் எல்லாரும் எழுந்து நின்றார்கள். தம்பி இன்னும் முழுசாக ஆறாத முதுகோடு குப்புறப் படுத்திருந்தான். தலைமுடியைப் பிடித்துக் கீழே இழுத்துப் போட்டு, விலாவில் உதைத்தான். உதைத்தான், உதைத்தான், மூச்சு வாங்குகிறவரை உதைத்தான். வலது கால்.

இதெல்லாம் தெருவில் சொன்னது, நான் வாலாஜாபாத்தில் மெழுகு விற்கப் போயிருந்தேன். வந்தபோது தானியேல் ரத்தமாக வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டிக் கொண்டுபோனோம். விலா எலும்பு நாலு முறிந்திருக்கிறது. ஒன்று ஈரலில் குத்தியிருக்கிறது. சொல்ல முடியாது என்கிறார் டாக்டர்.

அந்தக் காலை யார் எழுப்பி நிற்க வைத்தது? நான். நான்தான். செவ்வா செவ்வா, வெள்ளி வெள்ளி போயி நானே தூக்கி நிறுத்தினேன். உடைந்த விலாவுக்குத் தேன் தடவ முடியாது.

13-3-58

தம்பி கண் திறக்கவில்லை. நாளை வெள்ளிக்கிழமை.

30-3-58

சப்ஜெயில். ஞானசுந்தரி நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். தானியேல் பிழைத்துவிட்டானாம், கஞ்சி இறங்குகிறதாம். அதைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அந்த வெள்ளிக்கிழமை விடியுமுன் வழக்கம்போலக் கொல்லைப் பக்கமாகப் போனேன். ஈ கொண்டுபோகவில்லை. வேதகிரி விளக்குக்கு எண்ணெய் எடுக்க உள்ளே போயிருந்தான். தாண்டவராயன் நாற்காலியில் கால் நீட்டிக் காத்திருந்தான். "உன் தம்பிக்குத் திமிரு ஜாஸ்தி. சொல்லி வையி" என்றான்.

கட்டுத்தறிக்கு முளை அடிக்கும் கட்டை தொட்டியோரம் கிடந்தது. அதை வலது கையில் எடுத்தேன். இடது கையால் அவன் கணுக்காலைப் பிடித்தேன். வெறும் கையால், இறுக்கி. அப்போது அவன் முகத்தில் வந்த பயம் இருபது கொட்டுக்கும் வந்ததில்லை. இன்னும் அடி விழவில்லை, அதற்குள், "தொடாதடா! தொடாத!" என்று கத்தினான். அடித்தேன். மூன்றாவது அடியில் முழங்கால் எலும்பு விட்டுவிட்டது. அதற்கப்புறமும் அடித்தேன்.

பிறகு அவன் ஆட்கள் என்னை அடித்தார்கள். முன்பல் நாலு இல்லை. பெட்டிகளைக் கொளுத்திவிட்டார்களாம். மெழுகு உருகித் தெருவெல்லாம் தேன் வாசனை அடித்ததாம். ஞானசுந்தரி சொன்னாள்.

22-4-58

இன்று காஞ்சிபுரம் கோர்ட்டு. காவலர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார், இங்கே வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மிஷனில் வைத்துக் கொடுத்த வக்கீல் காலையில் புகாரைப் படித்துக் காட்டினார். விடியாத இருட்டில் ஒருவன் கொட்டகைக்கு வெளியே தூர நின்று தடியை வீசியெறிந்ததாகவும், அது ஐசக் என்று நம்புவதாகவும் எழுதியிருக்கிறார்கள். வைத்தியம் பற்றி ஒரு வரி இல்லை. நான் அங்கே போய்வந்ததாகவே இல்லை. வக்கீலுக்கு ஒரே குஷி. "ஒருத்தரும் மூஞ்சியைப் பாக்கல. கேஸ் நிக்காது. நீ வாயத் தொறக்காம இரு, சாயங்காலம் வூட்டுக்குப் போவலாம்" என்றார்.

அடைக்கப்பட்ட நாள் முதல் வீட்டைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். சத்தியமாக வாயைத் திறக்கக் கூடாது என்றுதான் கூண்டில் ஏறினேன். தாண்டவராயனைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார வைத்தார்கள். குமாஸ்தா "தூர நின்று" என்று படித்தார். என்னால் பொறுக்க முடியவில்லை.

"அது பொய்ங்க" என்றேன். "தூர நிக்கல. இந்தக் கையால அவர் காலைப் புடிச்சிக்கினுதான் அடிச்சேன்."

வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். தாண்டவராயன் நாற்காலியில் துள்ளினான். "இல்லீங்க! அவன் என்னத் தொடல!"

"அப்போ அடிச்சது இவன் இல்லையா?" என்று கேட்டார் மாஜிஸ்ட்ரேட்.

"அடிச்சான் சாமி, அடிச்சான். தொடல!"

யாரோ சிரித்தார்கள். மாஜிஸ்ட்ரேட் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, யோசித்துச் சொல், இது உனக்குத்தான் கெடுதல் என்றார். யோசித்தேன். ஞானசுந்தரியைப் பார்த்தேன். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று தலையாட்டவில்லை. புடிச்சேன்தாங்க என்றேன்.

இரண்டு வருஷம். நான் சொன்னதைக் குமாஸ்தா எழுதி ஒரு தடவை உரக்கப் படித்தார். தாண்டவராயன் காதைப் பொத்திக்கொண்டான். "கையால் பிடித்து" என்ற இடத்தில் நிறுத்தி, சரிதானா என்று கேட்டார். சரி என்று சொல்லிக் கீழே கையெழுத்துப் போட்டேன்.