உத்தரத்தின் எங்கள் பக்கம்

வியாழன் இரவு, ராயபுரம்.

பக்கத்து வீட்டை சேவியர் விற்றுவிட்டான். இன்று இடிக்க வந்தார்கள். வெள்ளைக்காரன் காலத்து வரிசை வீடுகள் எங்களுடையவை. நடுவில் ஒரே சுவர், இரண்டு வீட்டு மாடியையும் தாங்குவது ஒரே தேக்கு உத்தரம்.

"அதுல கைய வெச்சா என் வூடும் உக்காந்துடும்" என்று கத்தினேன்.

"நான் இன்னா பண்ணுவேன் பாய்?" என்று சேவியர் அழுதுவிட்டான்.

பழைய மரம் வாங்கி விற்கிறவன் நான். எங்கள் வீட்டுப் பக்கம் உத்தரத்தைத் தட்டிப் பார்த்தேன். உள்ளே செல்லரித்து மாவாகிக் கிடக்கிறது. யாரும் அறுக்காவிட்டாலும் அடுத்த மழைக்குத் தாங்காது. "நாங்க காலி பண்ணதும் அறுத்துக்கோ" என்று இடிக்க வந்த மேஸ்திரியிடம் சொன்னேன்.

படுக்கையோடு கிடக்கும் என் மனைவி பாத்திமா, "நம்ம வூடு தப்பிச்சுதா?" என்று கேட்டாள்.

தப்பிச்சுது என்று சொல்லிவிட்டேன். ரொம்ப நாளைக்குப் பிறகு இன்றுதான் நிம்மதியாகத் தூங்குகிறாள்.