இருப்பு நான்கு

மார்ச் 4, செவ்வாய்

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்து ஆறு நாள் ஆகிறது. வலது முழங்கால் சில்லு இரண்டாக உடைந்ததைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். இருபத்திரண்டு வருடமாக ஆவண அறையில் மடக்கு ஏணி ஏறுகிறவள், மூன்றாம் படியிலிருந்து விழுந்தேன். ஏழாம் படியாக இருந்தால் வெளியில் சொல்லிக்கொள்ளவாவது நன்றாக இருந்திருக்கும்.

டாக்டர் கொடுத்த வலி மாத்திரை டப்பா மேசையில் இருக்கிறது. ‘பழக்கமாகக்கூடிய மருந்து’ என்று சிவப்பு எழுத்து. ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அக்காவும் இப்படித்தான் ஆரம்பித்தாள், முதுகு வலிக்கு ஒன்று என்று. பிறகு நான்கு டாக்டர்கள், நான்கு சீட்டுகள். கடைசியில், படுக்கையில் கிடந்த அம்மாவின் டப்பாவிலிருந்தே எடுத்தாள். பதினொன்று. எண்ணிக் கண்டுபிடித்தவள் நான். அந்த வாரம் அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். அக்கா அதையெல்லாம் விட்டு ஒன்பது வருடம் ஆகிவிட்டது. இருந்தாலும் எனக்கும் அதே ரத்தம்தானே? அவளைப் போல ஆவதைவிட நொண்டியாகவே இருந்துவிடலாம்.

குனிந்து பார்த்தபோது வியர்வையில் மாத்திரை இளகி உள்ளங்கை மஞ்சளாகியிருந்தது. தொட்டியில் கழுவிவிட்டேன். டப்பாவை இழுப்பறையில் போட்டு மூடினேன்.

மார்ச் 5, புதன்

பிசியோதெரபி பெண் வந்தாள். பையிலிருந்து பள்ளிக்கூடத்துப் பாகைமானி மாதிரி ஒன்றை எடுத்து முழங்காலில் வைத்து அளக்கிறாள். இனி அவள் பெயரே பாகைமானி. கால் நாற்பது டிகிரிதான் மடங்குகிறது. பயிற்சிக்கு அரை மணி முன்னால் மாத்திரை போட்டீர்களா என்று கேட்டாள். போட்டேன் என்றேன்.

பொய் இவ்வளவு சுலபமாக வருமா எனக்கு?

மார்ச் 12, புதன்

46 டிகிரி.

அலுவலகத்திலிருந்து போன். என் இடத்தில் உட்கார்ந்திருக்கும் புதியவள் ஒரு கட்டுக்குள் முப்பது கோப்பு என்று எழுதிவிட்டாளாம், பிரித்தால் இருபத்தெட்டு இருக்கிறதாம். வழக்கமான பாட்டைப் பாடினேன். மேலே கட்டியிருக்கும் சீட்டைப் பார்த்து எழுதாதே, கட்டைப் பிரித்து எண்ணு. எழுதியதை அடித்துத் திருத்தினால் பக்கத்தில் சுருக்கொப்பம் போடு. அப்புறம் கண்காணிப்பாளர் போனை வாங்கினார். ஏப்ரல் கடைசிக்குள் ஏணி ஏற முடியாவிட்டால் என்னைத் தபால் பிரிவுக்கு மாற்றவேண்டி வரும் என்று மிகவும் மரியாதையாகச் சொன்னார். தபால் பிரிவில் நாள் முழுக்க முத்திரை குத்தலாம். யோசித்தாலே முழங்கால் இன்னும் விறைக்கிறது.

மார்ச் 19, புதன்

47. ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு டிகிரி.

பாகைமானி கருவியைப் பைக்குள் போட்டுவிட்டு, “நான் மடக்கறேன், நீங்க நீட்டறீங்க. இங்க கயிறு இழுக்கற போட்டிதான் நடக்குது. மாத்திரை போடறீங்களா, இல்லையா?” என்றாள். இன்னும் ஒரு மாதத்துக்குள் தொண்ணூறைத் தொடாவிட்டால் மயக்க மருந்து கொடுத்து வலுவில் மடக்குவார்களாம். உள்ளே ஒட்டிக்கொண்ட சதை கிழியுமாம்.

அந்த நேரம் பார்த்து அக்கா சமையலறையிலிருந்து வந்து நின்றாள். தினமும் பத்து மணிக்கு இரண்டு நிறுத்தம் பஸ்ஸில் வந்து எனக்குச் சமைத்து வைத்துவிட்டுப் போகிறவள். அவள் எதிரில் பொய் வரவில்லை. ஒன்றுகூடப் போடவில்லை, பழக்கமாகிவிடும் என்று பயம், எங்கள் குடும்பத்தில் அப்படி ஒருத்தர் உண்டு என்றேன். பெயர் சொல்லவில்லை. சொல்லத்தான் வேண்டுமா?

பாகைமானி போன பிறகு அக்கா சொன்னாள்: “வேணாம்னா வேணாம்னு சொல்லு. என் பேரைச் சொல்லி வேணாம்னு சொல்லாதே.”

மார்ச் 20, வியாழன்

அக்கா பூட்டுப் போட்ட சின்ன இரும்புப் பெட்டி ஒன்றை வாங்கி வந்திருக்கிறாள். அவள் சொன்ன ஏற்பாடு: மாத்திரை பெட்டிக்குள், பெட்டி அலமாரியில். தினமும் பதினொரு மணிக்கு ஒன்று, பதினொன்றரைக்குப் பயிற்சி. பதினைந்து நாள், அதற்கு மேல் டாக்டரைக் கேட்காமல் ஒன்றுகூடக் கூடாது. ஒவ்வொன்றையும் நோட்டில் எழுது என்றாள். “சாவி எங்க இருக்குன்னு மட்டும் என்கிட்ட சொல்லாதே. தியாகமெல்லாம் ஒண்ணும் இல்ல, எனக்கு அதுதான் வசதி.”

இவருக்கு, என் வீட்டுக்காரருக்கு, இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. உன் அக்கா கையாலேயே பூட்டு வாங்கியாயிற்றா என்றார். சாவியைத் தையல் பெட்டியில் பொத்தான்களுக்கு நடுவே போட்டேன்.

பழைய நோட்டில் மாத்திரைக்கென்று ஒரு பதிவேடு ஆரம்பித்தேன். வரவு 20. இன்று செலவு 1. இருப்பு 19. நன்றாக இருக்கிறது, அலுவலகம் போன மாதிரி.

முழுங்கினேன். ஒன்றும் ஆகவில்லை. அரை மணியில் வலி அடுத்த அறைக்குப் போய் உட்கார்ந்துகொண்டது.

மார்ச் 26, புதன்

66! பாகைமானி இரண்டு தடவை அளந்தாள்.

மார்ச் 28, வெள்ளி

பதினொரு மணிக்குத்தான் மாத்திரை. இன்று பத்தரைக்கே கடிகாரத்தைப் பார்த்தேன். மறுபடி பத்து நாற்பதுக்கு. வலிக்காகப் பார்த்தேனா, மாத்திரைக்காகப் பார்த்தேனா? கடைசியில் அக்காவிடமே கேட்டேன், இது எப்படித் தெரியும் என்று.

காய் நறுக்குவதை நிறுத்தாமல், “கேக்கறியே, அது போதும். நான் யார்கிட்டயும் கேக்கல” என்றாள்.

மார்ச் 31, திங்கள்

ஊன்றுகோல் நழுவி அறையின் அந்தக் கோடிக்குப் போய்விட்டது. நான் நாற்காலியில் மாட்டிக்கொண்டேன். மணி பதினொன்று. சாவி தையல் பெட்டியில் இருக்கிறது என்று அக்காவிடம் சொல்லவேண்டியதாயிற்று. “சொல்லாதேன்னு சொன்னேன்ல” என்று முணுமுணுத்தாள். பெட்டியைத் திறக்காமலே என் மடியில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். நான் எடுத்துக்கொண்டு பூட்டினேன். பெட்டியையும் சாவியையும் திருப்பி வைத்துவிட்டு வந்தாள்.

ஏப்ரல் 2, புதன்

84. இன்னும் ஆறுதான்.

ஏப்ரல் 3, வியாழன்

இன்றோடு பதினைந்து நாள், பதினைந்து மாத்திரை. பதிவேட்டில் இருப்பு 5. முடிந்ததே என்று டப்பாவைக் கட்டிலில் கொட்டினேன்.

நான்கு.

போர்வையை உதறினேன். மறுபடி எண்ணினேன். நாலை எத்தனை தரம் எண்ணினாலும் நாலுதானே! திங்கட்கிழமை பெட்டியைத் திருப்பி வைக்கப் போனவள் வருவதற்கு இரண்டு நிமிடம் ஆனது. அன்றே அது என் மனதில் பட்டது, எழுதவில்லை.

அவள் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். அஞ்சு இருக்கணும், நாலுதான் இருக்கு என்றேன். வேறெதுவும் சொல்லவில்லை. சொல்லத் தேவை இருக்கவில்லை. டம்ளரைத் துடைத்துக் கவிழ்த்துவிட்டுத்தான் திரும்பினாள்.

“அம்மாவோடதுல எத்தனை குறைஞ்சுது?”

“பதினொண்ணு.”

“பதினாலு. மூணு உனக்குத் தெரியாது. முதல்லயே எடுத்துட்டேன்.” புடவையில் கையைத் துடைத்துக்கொண்டாள். “இது நான் எடுக்கல.”

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அடுப்பில் குழம்பு பாதியில் நின்றது.

பதினாலு. இப்போது போய் அதைச் சொல்கிறாள். இவளை எப்படி நம்புவது?

ஏப்ரல் 4, வெள்ளி

அக்கா வரவில்லை. அப்போதே சொன்னேனே என்றார் இவர். பெட்டியைப் பரண்மேல் ஏற்றிவிட்டார்.

ஏப்ரல் 7, திங்கள்

வரவில்லை.

ஏப்ரல் 9, புதன்

85. மாத்திரை நின்றதால் கடிகாரம் பார்ப்பதும் நின்றுவிட்டது, அந்த மட்டும் நிம்மதி. அக்கா எங்கே என்று பாகைமானி கேட்டாள். ஊருக்குப் போயிருக்கிறாள் என்றேன். இந்த மாதத்தில் எத்தனையாவது பொய்?

ஏப்ரல் 10, வியாழன்

மருத்துவ விடுப்பு நீட்டிப்புப் படிவம் வந்தது. வீட்டுக்கு வந்த தேதியை எழுதவேண்டும். தேதி பார்க்க இந்த நோட்டைப் புரட்டினேன்.

மார்ச் 4. ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு... உள்ளங்கை மஞ்சளாகியிருந்தது... தொட்டியில் கழுவிவிட்டேன்.

என் கையெழுத்து. என் பேனா.

டப்பா பரண்மேல் பெட்டிக்குள் இருக்கிறது, ஆனால் பார்க்காமலே ஞாபகம் இருக்கிறது. மேலே ஒட்டியிருக்கிற சீட்டில் ‘20 மாத்திரைகள்’ என்று அச்சடித்திருக்கிறது. அதைப் பார்த்துத்தான் வரவு 20 என்று எழுதியிருக்கேன். எண்ணல. டப்பாவைக் கவுத்து ஒரு தடவை எண்ணல நான்! இருபத்திரண்டு வருஷமா ஊருக்கெல்லாம் பாடம் நடத்தறவ. மொத்தமே பத்தொன்பதுதான் இருந்திருக்கு. பதினஞ்சு போனா நாலு. சரியா நாலு.

கோப்பு குறைந்தால் முதலில் பதிவேட்டைச் சந்தேகப்படுவேன், ஆளை அல்ல. இங்கே ஆளைத்தான் பிடித்தேன். அவள் அக்கா என்பதால்.

மூன்று தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

அக்கா வீடு இரண்டாம் மாடி. லிஃப்ட் கிடையாது. முப்பத்தாறு படி.

காலையில் இவரிடம் பெட்டியை இறக்கச் சொன்னேன். எதற்கு என்றார். படி ஏற, என்றேன். டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டேன், ஒன்று போடலாம் என்றார். எண்ணிப் பார்த்தேன், நான்கு. ஒன்றை முழுங்கினேன். பதிவேட்டில் ‘வரவு 20’ஐ அடித்து 19 ஆக்கிச் சுருக்கொப்பம் போட்டேன். இருப்பு 3. பயமாக இல்லை. வலி இருந்தது, மாத்திரை போட்டேன், அவ்வளவுதான் விஷயம்.

இவர் வாடகைக் காரில் கூட்டிப்போனார். கீழேயே இருங்கள் என்றேன். எண்பத்தைந்து டிகிரியில் படி ஏறலாம், கௌரவமாக ஏற முடியாது. கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து, நல்ல காலை முதலில் வைத்து, மற்றதை இழுத்துக்கொண்டு. எதிரே வந்த ஒருவர் ஒதுங்கி நின்று வழி விட்டார்.

கதவைத் திறந்த அக்கா முதலில் என் காலைத்தான் பார்த்தாள். பிறகு நாற்காலி போட்டாள். உட்காராமலே நோட்டை நீட்டினேன், மார்ச் 4ஆம் தேதிப் பக்கம். வழியெல்லாம் யோசித்தேன், மற்றதைக் கையால் மறைத்துக் கடைசி நான்கு வரியை மட்டும் காட்டலாமா என்று. மறைக்கவில்லை. அதே ரத்தம் என்பது, அவளைப் போல ஆவதைவிட நொண்டி என்பது, எல்லாம் அந்தப் பக்கத்தில்தான் இருந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தாள். எனக்கு நிற்க முடியவில்லை, உட்கார்ந்துவிட்டேன். தப்புப் பண்ணிட்டேன்க்கா என்றேன். அழுகை வந்தது, அதை ஏன் மறைக்கவேண்டும்.

“பேனா இருக்கா?” என்றாள்.

கொடுத்தேன். ‘பதினொன்று’ என்பதை ஒரே கோட்டில் அடித்து, மேலே ‘பதினான்கு’ என்று எழுதினாள்.

“உங்க ஆபீஸ்ல திருத்தினா பக்கத்துல ஏதோ போடணும்னு சொல்லுவியே?”

“சுருக்கொப்பம்.”

போட்டாள். பிறகு, “நொண்டின்னு எழுதியிருக்கியே, இறங்கறது ஏறறதைவிடக் கஷ்டம், தெரியுமா?” என்று என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். கடைசிப் படியில் கையை விட்டுவிட்டுத் திரும்பி ஏறிப் போனாள்.

ஏப்ரல் 16, புதன்

93. பாகைமானி கைதட்டினாள். அக்கா இன்னும் வரவில்லை. போனை மட்டும் எடுக்கிறாள்.

ஏப்ரல் 21, திங்கள்

பத்து மணிக்கு அழைப்பு மணி. நேராகச் சமையலறைக்குப் போனாள்.

ஏப்ரல் 28, திங்கள்

இன்று வேலையில் சேர்ந்தேன். ஏணியில் இரண்டாம் படிவரை. புதியவள் ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள், நான் இறங்கும்வரை மூச்சுகூட விடவில்லை.

சாயங்காலம் மிச்ச மாத்திரையை மருந்துக் கடையில் திருப்பிக் கொடுக்கப் போனோம். வாசலில் டப்பாவை அக்காவிடம் நீட்டினேன். “நம்பறேன்னு காட்டறதுக்காக என் கையில குடுக்காதே” என்று வெளியிலேயே நின்றுவிட்டாள்.

கடைக்காரர் டப்பாவை வாங்கி, மேலே ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்துக்கொண்டே பேனாவை எடுத்தார். எண்ணிவிட்டு எழுதுங்கள் என்றேன். ஒருமாதிரியாகப் பார்த்தார். பிறகு கொட்டி எண்ணினார்.

மூன்று.